சிப்ரியானோ கையெழுத்திட்ட வெற்றுத்தாள்

மணிலா,
1934 ஜூன் 11

அன்புள்ள மானாங்,

அக்கா, நீயும் அம்மாவும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்ளும் தெம்போடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் மழையில் நனைந்தும் சங்க வேலையில் காய்ந்தும் ஒருவாறு நலமாகவே இருக்கிறேன்.

ஒரு காரியமாக எழுதுகிறேன். எங்கள் சுருட்டுத் தொழிலாளர் சங்கம் அப்பாவின் எழுத்துகளை ஒரு புத்தகமாகப் போடத் தீர்மானித்திருக்கிறது. இங்கே இலை சுருட்டும் பெண்களுக்குக்கூட வக்கீல் சிப்ரியானோ ஹினோலன் பெயர் தெரிந்திருக்கிறது. "இலோயிலோ துறைமுகத்தில மூட்டை தூக்கறவனுக்காக கோர்ட்ல நின்னாரே, கோயில் பக்கமே போகமாட்டாரே, அவரு மகனா நீங்க?" என்று கேட்கிறார்கள். சங்கத்தின் காரியதரிசியான எனக்கு இதைவிடப் பெரிய சொத்து வேறென்ன வேண்டும்?

அவருடைய துத்தநாகப் பெட்டியில் உள்ள காகிதம் ஒன்றுவிடாமல் எனக்கு வேண்டும். மனுக்கள், ஜெயிலிலிருந்து எழுதியவை, பாதிரிகளோடு போட்ட சண்டைகள், எல்லாம். கப்பலில் அனுப்பு. கூலியை நான் இங்கே கட்டிக்கொள்கிறேன்.

இன்னொன்று. வெளியூர் போகும்போது அப்பா வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போவாரே, நினைவிருக்கிறதா? அவர் இல்லாத நாளில் யாரையாவது போலீஸ் பிடித்துப்போனால் நீ அதில் மனுவைத் தட்டச்சு செய்து கோர்ட்டில் கொடுப்பாயே. அப்படி மிச்சமாகிப்போன தாள் ஏதும் பெட்டியில் இருந்தால் அதைத் தனி உறையில் வைத்து அனுப்பு. வேறு கையில் சிக்கக்கூடாது.

அம்மாவுக்கு என் அன்பு. எனக்குப் பதில் போட மறக்காதே.

உன் தம்பி,
எஸ்பார்தாகோ

*

இலோயிலோ,
1934 ஜூலை 9

என் தோத்தோவுக்கு,

தம்பி, உன் கடிதம் வந்தபோது மாம்பழம் முடிகிற சமயம். பதில் எழுத உட்காரும்போது மரத்தில் ஒன்றுகூட இல்லை. தாமதத்துக்கு இதைவிட நல்ல கணக்கு என்னிடம் இல்லை. இங்கே நாங்கள் இருவரும் நலம். அம்மா மட்டும் மாடிப்படி ஏறும்போது நடுவில் கொஞ்சம் நின்று, சுவரில் ஏதோ பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு ஏறுகிறாள்.

பெட்டியைத் திறந்தேன். ஐந்து வருஷமாக அம்மா அதன்மேல் போர்வையை விரித்துத் துணி தேய்க்கும் மேஜையாக வைத்திருந்தாள். மனுக்களும் ஜெயில் கடிதங்களும் அப்படியே இருக்கின்றன. கோயில் மணி விடியற்காலையில் ஊரை எழுப்புகிறது என்று நகரசபைக்கு எழுதிய புகார்கள் மட்டும் தனிக் கட்டு. பார்சலோனாவிலிருந்து அவர் வரவழைத்த சுதந்திரச் சிந்தனைப் பத்திரிகைகளில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. அந்தக் கரையானுக்காக அம்மா ஒரு மெழுகுவத்தி ஏற்றியிருப்பாள் என்று எனக்குச் சந்தேகம்.

இப்போது என் காரியம். நகரசபை மயானச் சுவரில் அப்பாவின் உடலை வைக்க எடுத்த மாடத்தின் ஐந்து வருஷக் குத்தகை நவம்பரில் முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் வழக்கம்போல மாடத்தைத் திறந்து எலும்பைப் பொதுக்குழியில் கொட்டிவிடுவார்கள் என்று காவலாள் உர்பானோ வந்து சொன்னான். அம்மா புதுப்பிக்க விடமாட்டேன் என்கிறாள். கோயில் மயானத்தில் அவளுடைய அப்பா அம்மா பக்கத்தில் அவளுக்கு இடம் இருக்கிறது அல்லவா? அங்கே அப்பாவைக் கொண்டுவந்து வைத்து, தன் நாள் வரும்போது அவர் பக்கத்தில் படுக்க வேண்டுமாம். வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை.

பாதிரியார் அனிசெத்தோவிடம் போய்ப் பேசியும் வந்துவிட்டாள். கோயில் மண்ணில் நாத்திகனுக்கு இடமில்லை, ஆனால் சாவதற்குமுன் தன் கொள்கையைக் கைவிட்டதாக அவர் கையெழுத்திட்ட தாள் ஒன்று இருந்தால் போதும் என்றாராம். "இருக்கும், தேடுறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

நீ ஆண்பிள்ளை, மூத்தவள் நான் என்றாலும் உன் சொல்லுக்குத்தான் அவள் காது கொடுப்பாள். என்ன செய்யலாம், எழுது.

உன் அக்கா,
லிபெர்தாத்

பின்குறிப்பு: அம்மா இப்போதும் என்னை பாசிங் என்றுதான் கூப்பிடுகிறாள். நேற்று உன்னைப் பற்றிப் பேசும்போது "என் ஹோசே" என்றாள். அப்பாவுக்குத் தெரியாமல் ஞானஸ்நானம் செய்து வைத்த பெயர்களை அவள் விடுவதாக இல்லை.

*

மணிலா,
1934 ஜூலை 24

அன்புள்ள மானாங்,

உங்கள் நலம் கண்டு மகிழ்ச்சி. எனக்கு லேசான சளி, வேறொன்றுமில்லை.

மயான விஷயத்தில் யோசிக்க என்ன இருக்கிறது? அப்பா சாகும்போதுகூடச் சிலுவையைக் கையில் வாங்கவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டுபோய்க் கோயில் மதிலுக்குள் போட்டால் புத்தகம் போடுகிற எங்களைப் பார்த்து ஊர் சிரிக்கும். குத்தகையைப் புதுப்பித்துவிடு. அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல். அவளுக்கு மனவருத்தம் கொஞ்ச நாள் இருக்கும், பிறகு சரியாகிவிடும்.

புத்தகத்தைவிட அவசரமான ஒன்று முளைத்திருக்கிறது. டிசம்பரில் சங்கத் தலைவர் தேர்தல். நான் நிற்கிறேன். எனக்கு எதிராக மக்காரியோ நிற்கிறார். அந்தக் காலத்தில் அப்பாவோடு ஜெயிலில் இருந்த அதே மக்காரியோதான். "சிப்ரியானோ தன் வேலையை என்கிட்டதான் விட்டுட்டுப் போனார், பையன்கிட்ட இல்ல" என்று ஒவ்வொரு தொழிற்சாலை வாசலிலும் சொல்லிக்கொண்டு திரிகிறார். செத்தவர் எழுந்து வந்து இல்லையென்று சொல்ல முடியுமா?

நான் கேட்ட வெற்றுத்தாள்களைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை. இருக்கிறதா, இல்லையா?

உன் தம்பி,
எஸ்பார்தாகோ

*

இலோயிலோ,
1934 ஆகஸ்ட் 20

என் தோத்தோவுக்கு,

சளிக்கு இஞ்சி போட்டுக் கொதிக்க வைத்துக் குடி. சங்கத்தில் யாராவது பெண்பிள்ளை இருந்தால் அவளைக் கேள், சொல்லித்தருவாள். இங்கே நலம். அம்மா இப்போது கீழறையிலேயே படுக்கிறாள், காற்று நன்றாக வருகிறதாம்.

இரண்டு பொதி கப்பலில் ஏற்றியாயிற்று. மனுக்கள் ஒன்றில், ஜெயில் கடிதங்கள் மற்றதில். மணிப் புகார்களைப் பிறகு அனுப்புகிறேன், பாதிரியார் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார்.

ஆமாம், போன வாரம் அவர் நம் வீட்டுக்கே வந்தார். அரிசிப் பணியாரம் நான்கு தின்றார். பாதி பேச்சை உனக்குச் சொல்கிறேன், சிரித்துக்கொள்.

"பாத்ரே, அவர் நல்ல மனுஷன்" என்றாள் அம்மா.

"நல்லவர்தாம்மா, நான் இல்லேன்னேனா? ஆனா என் கோயில் மணியைப் பத்தி நகரசபைக்குப் புகார் எழுதிக்கிட்டே இருந்தவரு."

"மணி கொஞ்சம் சத்தமாத்தானே அடிக்குது?"

"அட, நீங்களுமா!"

"நாப்பது வருஷம் ஒரே கூரைக்குக் கீழ இருந்தா ஒண்ணு ரெண்டு ஒட்டிக்கத்தானே செய்யும், பாத்ரே."

அவரும் சிரித்தார். பிறகு முகத்தை நேராக்கிக்கொண்டு, "ஒரு தாள் காட்டுங்கம்மா. நான் தப்பா நினைச்சேன்னு ஒரு வரி, கீழ அவர் கையெழுத்து. நானே தீர்த்தம் தெளிச்சு எலும்பை வாங்கி வைக்கிறேன். இல்லாம நான் ஒண்ணும் செய்ய முடியாது, எனக்கும் மேல ஆள் இருக்காங்க" என்றார். பொல்லாத மனிதர் இல்லை. எழுந்து போகும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

அவர் போனதும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "கடைசி நாள் காலையில படுக்கையில உக்காந்து ஏதோ கையெழுத்துப் போட்டாரு. நான் கஞ்சி கொண்டு வந்தப்ப பார்த்தேன். அதுதான். அதைத் தேடு." எனக்கு அது என்னவென்று தெரியும். அன்றைக்குத் துறைமுகத்தில் ஆள் பிடிக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. தான் எழுந்து போக முடியாது என்று வெற்றுத்தாள்களில் கையெழுத்திட்டு என்னிடம் கொடுத்தார். அன்று யாரையும் பிடிக்கவில்லை. சாயங்காலம் அவர் போய்விட்டார்.

அந்தத் தாளில் இரண்டு பெட்டியின் அடியில் இருக்கிறது. உனக்கு எதற்கென்று நீ இன்னும் சொல்லவில்லை.

உன் அக்கா,
லிபெர்தாத்

*

மணிலா,
1934 செப்டம்பர் 3

அன்புள்ள மானாங்,

நலம். பொதிகள் வந்து சேர்ந்தன. அட்டையைப் பிரித்ததும் அப்பாவின் சுருட்டு வாசனை அறை முழுக்கப் பரவியது. அரை மணி நேரம் வேலை ஓடவில்லை.

நீ நேராகக் கேட்டாய், நானும் நேராகச் சொல்கிறேன். அந்தத் தாளில் நான்கு வரி தட்டச்சு செய்ய வேண்டும். எனக்குப் பிறகு இந்த வேலையை என் மகன் எஸ்பார்தாகோ எடுத்துச் செய்வான், தோழர்கள் அவனுக்குத் துணை நிற்கட்டும் என்று. 1929 நவம்பர் என்று தேதி போட வேண்டும். இதைப் பொய் என்று நினைக்காதே. அவர் மனதில் இருந்ததுதான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். மக்காரியோ கையில் சங்கம் போனால் முதலாளிகளோடு உட்கார்ந்து காப்பி குடித்தே காலம் கழிப்பார். அதைத் தடுக்கத்தான்.

இரண்டில் ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும். இரண்டையும் அனுப்பு. அல்லது நம் வீட்டுப் பொறியில் நீயே அடித்து அனுப்பு, உனக்கு அவர் நடை கைவந்தது.

அவசரம்.

எஸ்பார்தாகோ

பி.கு. அம்மா எப்படி இருக்கிறாள்?

*

இலோயிலோ,
1934 அக்டோபர் 8

என் தோத்தோவுக்கு,

எல்லோரும் நலம். புயலில் சமையலறைக் கூரை நாலு தகடு பறந்துபோயிற்று, உர்பானோ வந்து போட்டுக் கொடுத்தான். மயான வேலையைவிடக் கூரை வேலையில் அவன் கெட்டிக்காரன். அம்மா பத்து நாளாக மிகுந்த சந்தோஷமாக இருக்கிறாள். சாப்பாடுகூட ஒரு பிடி கூடுதலாக இறங்குகிறது.

வெற்றுத்தாள் ஒன்றுதான் இருக்கிறது. அதை அனுப்புவதா என்று இன்னும் யோசிக்கவில்லை.

கருவாடு ஒரு கூடை கப்பல்காரரிடம் கொடுத்திருக்கிறேன், வாங்கிக்கொள்.

லிபெர்தாத்

*

மணிலா,
1934 அக்டோபர் 16

மானாங்,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை, மன்னித்துக்கொள்.

ஆகஸ்டில் இரண்டு என்றாய். அக்டோபரில் ஒன்று என்கிறாய். அம்மா சந்தோஷமாக இருக்கிறாள் என்கிறாய். எனக்குக் கூட்டிப் பார்க்கத் தெரியாதா? அந்தத் தாளில் என்ன அடித்தாய்? அப்பா மனம் திருந்திப் பாதிரியின் காலில் விழுந்ததாக அடித்தாயா?

நீ எப்படி இதைச் செய்யத் துணிந்தாய்? அவர் வாழ்நாள் முழுக்க எதற்காக ஊரில் ஒதுக்கப்பட்டு நின்றாரோ, அதையே அவர் கையெழுத்தோடு விற்றுவிட்டாய். எத்தனை பேர் அவரிடம் கெஞ்சினார்கள், ஆஸ்பத்திரிக் கன்னியாஸ்திரிகள், அம்மாவின் அண்ணன்மார், எல்லோரையும் சிரித்தே அனுப்பினார். உயிரோடு இருந்தவரிடம் வாங்க முடியாததைச் செத்தவரிடம் வாங்கிவிட்டாய். நாளை பாதிரி அதைப் பத்திரிகையில் போட்டால் நான் எந்த முகத்தோடு தொழிற்சாலை வாசலில் நிற்பது?

அந்தத் தாளைத் திரும்ப வாங்கி அடுப்பில் போடு. மற்றதை உடனே எனக்கு அனுப்பு.

எஸ்பார்தாகோ

*

இலோயிலோ,
1934 அக்டோபர் 25

தோத்தோ,

நான் நலமாக இல்லை. அம்மாவும் நலமாக இல்லை. இவ்வளவு நாள் எழுதிய நலமெல்லாம் பொய். ஜூன் மாதமே டாக்டர், இருதயம் வீங்கியிருக்கிறது, அடுத்த மழைக்காலம் வரை இருந்தால் பெரிது என்று சொன்னார். உனக்கு எழுத வேண்டாம், சங்க வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவான் என்று அம்மா தடுத்தாள். ஓடி வருவாய் என்று அவள்தான் நினைத்தாள், நான் நினைக்கவில்லை. அப்பாவை அடக்கம் செய்த மறுநாள் கப்பல் ஏறியவன், அதற்குப் பிறகு இந்தப் படியை நீ மிதிக்கவில்லை.

ஆமாம், அடித்தேன். அப்பாவின் பொறியில், அப்பாவின் தாளில், அப்பாவின் ஸ்பானிஷில். புத்தக அலமாரிக்குப் பின்னால் கிடைத்தது என்று அம்மாவிடம் கொடுத்தேன். அவள் அழுதாள். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பாதிரியாரிடம் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னாள்.

நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரே கையெழுத்துக்கு மேலே நீ கேட்ட நான்கு வரி அவர் மனதில் இருந்ததாம், நான் அடித்த ஐந்து வரி விற்பனையாம். வித்தியாசம் எனக்குப் புரியவில்லை. உனக்கு ஓட்டு வேண்டும். எனக்கு என் அம்மா நிம்மதியாகச் சாக வேண்டும். நம் இருவரில் யாருமே அவரைக் கேட்கவில்லை.

என்மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது. உன்மேலும் கோபம் தீரவில்லை.

லிபெர்தாத்

*

இலோயிலோ,
1934 நவம்பர் 4

மகனே ஹோசே,

இதை உங்கக்காதான் எழுதுறா. நான் சொல்லச் சொல்ல அப்படியே எழுதணும், திருத்தக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன். (திருத்தவில்லை. லிபெர்தாத்) பார்த்தியா, அதுக்குள்ள அவ பேரைப் போட்டுக்கிட்டா.

நீ நல்லா இருக்கியா? சாப்பிடுறியா? கருவாடு வந்துச்சா? எனக்கு நெஞ்சு கொஞ்சம் பெருசாயிடுச்சாம். உங்கப்பாவைக் கட்டிக்கிட்ட அன்னைக்கே ஆகியிருக்கும், டாக்டருக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு.

சரி, அந்தத் தாளு. முதல் தடவை படிச்சப்ப அழுதேன். தினம் ராத்திரி தலைமாட்டுல வச்சுக்கிட்டேன். பாத்ரேகிட்டக் கொண்டுபோகணும்னு உடுப்பு மாத்திக்கிட்டு உக்காந்தேன். போறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை படிப்போம்னு வாய்விட்டுப் படிச்சேன். "தாழ்மையோடு மன்னிப்புக் கேட்கிறேன்"னு இருக்கு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்து, பாசிங் ஓடி வந்து முதுகைத் தடவினா. ஏண்டா, உங்கப்பா என்கிட்டகூட ஒரு நாள் மன்னிப்புக் கேட்டதில்ல. கவர்னருக்கு எழுதறப்பகூட "பணிவுடன்"னு போடமாட்டேன்னு அடம் பிடிச்ச மனுஷன். கடவுள்கிட்டயா கேப்பாரு? என்கிட்ட முதல்ல கேக்காம கடவுள்கிட்டக் கேட்டிருந்தா நானே விட்டிருப்பேனா?

பாசிங்கைக் கூப்பிட்டு, "நீதானே?"ன்னேன். ஆமான்னு தலையைக் குனிஞ்சா. அவளை நீ ஒண்ணும் சொல்லாத. எனக்காகச் செஞ்சா. எனக்காக வேற யாரும் ஒண்ணும் செய்யல.

தாளை அடுப்புல போட்டாச்சு. நாப்பது வருஷம் அந்த மனுஷனோட சண்டை போட்டேன். ஊர்வலத்துல மாதா தேர் வீட்டு முன்னாடி நிக்கும்போது நான் ஜன்னல்ல மெழுகுவத்தி பிடிப்பேன், அதே ஜன்னல்ல பக்கத்துல நின்னு பேப்பர் படிப்பாரு. ஒரு நாளும் நான் ஜெயிக்கல, அவரும் ஜெயிக்கல. இப்ப வாய் திறக்க முடியாம கிடக்கிறவரை ஜெயிச்சுட்டேன்னு சொல்லிக்கிட்டு நான் பக்கத்துல போய்ப் படுக்கணுமா? எனக்கு வெக்கமா இருக்காது?

பாத்ரேகிட்டச் சொல்லிட்டேன், தாள் கிடையாது, இருக்கப்போறதும் இல்லன்னு. நான் நகரசபை மயானத்துக்கே போறேன். அவரோட அதே மாடத்துக்கு. உர்பானோகிட்ட என் பேர்ல குத்தகை புதுப்பிச்சாச்சு. பாத்ரே நொந்துக்கிட்டாரு. "புனிதமில்லாத மண்ணும்மா, அடக்கத்துக்கு என்னால வர முடியாது"ன்னாரு. "அஞ்சு வருஷமா வாரத்துக்கு ஒரு நாள் அந்தச் சுவரு முன்னாடி ஜெபமாலை சொல்லியிருக்கேன் பாத்ரே, இன்னும் எவ்வளவு புனிதம் வேணும்?"னு கேட்டேன். பயமா இல்லையான்னு பாசிங் கேக்கறா. பயமாத்தான் இருக்கு. பொய் சொல்லமாட்டேன். ஆனா தனியா படுக்கறது அதைவிடப் பயம்.

மிச்சம் இருந்த ஒரு தாளை இதோட அனுப்பச் சொல்லியிருக்கேன். பாசிங் வேண்டாம்கிறா. நான் அனுப்புன்னு சொல்லிட்டேன். உனக்கு எதுக்குன்னு எனக்குத் தெரியும், அவ எல்லாத்தையும் படிச்சுக் காட்டிட்டா. உனக்கு என்ன வேணுமோ எழுதிக்க. ஆனா எழுதினதும் கதவைச் சாத்திக்கிட்டு உங்கப்பா குரல்ல வாய்விட்டு ஒரு தடவை படி. சிரிப்பு வரலைன்னா கொண்டுபோய்க் காட்டு.

உன்னை வரச்சொல்லல. வந்தா பணியாரம் சுடச் சொல்றேன்.

அம்மா

*

மணிலா,
1934 டிசம்பர் 12

அன்புள்ள அம்மா, அன்புள்ள மானாங்,

நலமாக இருக்கிறீர்களா என்று கேட்டு ஒரு வரி போட்டுவிட்டுக் காரியத்துக்குப் போவதே எனக்கு வழக்கம். இந்த முறை அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். கடிதம் எழுத ஒரு மாதத்துக்குமேல் ஆனதற்கு அதுதான் காரணம்.

தாள் வந்தது. கையெழுத்து கீழே வலப்பக்கம், கடைசி எழுத்து வழக்கம்போலச் சரிந்து தாளைவிட்டு ஓடப் பார்க்கிறது. முதலில் வேறு தாளில் அந்த நான்கு வரியையும் எழுதினேன். கதவைச் சாத்திக்கொண்டு, அவர் கோர்ட்டில் பேசுவதுபோல் தொண்டையைச் செருமிப் படித்தேன். "என் மகன் எஸ்பார்தாகோவுக்குத் துணை நில்லுங்கள்." அம்மா, பாதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வேலைக்கு நான் சிபாரிசுக் கடிதம் கேட்டபோது, "உனக்கு வாய் இருக்கில்ல? நீயே போய்க் கேளுடா" என்று துரத்தியவர் அல்லவா? சிரித்து முடிந்ததும் வெகுநேரம் அழுதேன். அவர் செத்தபோது நான் அழவில்லை. பிரசங்கம் செய்தேன்.

தேர்தல் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, "உங்கப்பா யாரைச் சொல்லியிருப்பாரு?" என்று கேட்டாள். "தெரியாதும்மா, எங்க ரெண்டு பேர் பேரையும் அவர் சொல்லல" என்றேன். மக்காரியோ என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, "ஆமா, என்கிட்டயும் சொல்லல" என்றார். அவர்தான் ஜெயித்தார். என்னைக் காரியதரிசியாகவே இருக்கச் சொன்னார். முதலாளிகளோடு காப்பி குடிக்கப் போகும்போது என்னையும் கூட்டிப்போவாராம்.

தாள் வெறுமையாகவே இருக்கிறது. கையோடு கொண்டுவருகிறேன். அடுத்த கப்பலில் இடம் கிடைத்துவிட்டது.

மானாங், நான் உனக்கு எழுதியதை அடுப்பில் போடு.

எஸ்பார்தாகோ
(அம்மாவுக்கு மட்டும்: ஹோசே)

*

இலோயிலோ,
1935 பிப்ரவரி 18

என் தோத்தோவுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். இங்கே வெயில் காலம், பிணத்தை வைத்திருக்க முடியாது, உனக்காகக் காத்திருக்க முடியவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்தும் இரண்டு வாரம் நீ இருந்துவிட்டுப் போனாயே, அதையே சொல்லிச் சொல்லிக் கடைசி வரை இருந்தாள். நீ தின்ற பணியாரக் கணக்கு தெருவுக்கே தெரியும்.

மாடத்தைத் திறந்ததும் உர்பானோ அப்பாவின் எலும்புகளை எடுத்துத் துடைத்துக் கொடுத்தான். அவற்றுக்கென்று அம்மா தன் கோயில் முக்காட்டைப் பிரித்து ஒரு பை தைத்து வைத்திருந்தாள், நீ இருக்கும்போதே. உன் கண்ணில் படவில்லை. "காலடியில வை, தலைமாட்டுல வேண்டாம். பேசிக்கிட்டே இருப்பாரு" என்பது அவள் உத்தரவு. அப்படியே வைத்தோம். துறைமுகத்துக்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். நான் ஜெபமாலை சொன்னேன். அவர்களில் பாதிப் பேருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு முணுமுணுத்தார்கள். பாதிரியார் உள்ளே வரவில்லை. மயானக் கதவுக்கு வெளியே வெயிலில் நாங்கள் முடிக்கும் வரை நின்றார். திரும்பும்போது என்னோடு வீடுவரை நடந்து வந்தார்.

நீ பெட்டியில் விட்டுப்போன தாளை மணிப் புகார்களோடு சேர்த்து இந்தக் கப்பலில் அனுப்புகிறேன். புத்தகத்தின் கடைசிப் பக்கமாக அதை அப்படியே போடுங்கள், மேலே ஒன்றும் எழுதாமல், கீழே கையெழுத்தோடு. யார் கேட்டாலும், அவர் கடைசியாக எழுதியது இதுதான் என்று சொல்.

மாடத்தைப் பூசி மூடிக்கொண்டே உர்பானோ என்னிடம், "இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சு இதைத் திறக்கணும்மா. அப்ப ரெண்டு பேரையும் ஒரே பையில போட்டுடலாமா, தனித்தனியாவா? அம்மாகிட்டக் கேட்டப்ப, ஒரே பைதான்னாங்க" என்றான். எப்போது கேட்டாய் என்றேன். போன நவம்பரில், குத்தகைப் பணம் கட்ட வந்த அன்றே என்றான்.

ஐந்து வருஷம் கழித்து நீ வந்து நில். அந்தப் பையில் எது ஜெபமாலை சொன்னவள் எலும்பு, எது சொல்லாதவர் எலும்பு என்று எந்தப் பாதிரியாரும் பிரிக்க முடியாது, மக்காரியோவும் பிரிக்க முடியாது. நாப்பது வருஷச் சண்டையை அம்மா எங்கே கொண்டுபோய் முடித்திருக்கிறாள், பார்.

நான் நலம். இந்த முறை பொய் இல்லை. வீடு பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். உடம்பைப் பார்த்துக்கொள், உடனே எழுது.

உன் அக்கா,
லிபெர்தாத் பாசிங்